ஞானேஸ்வரி அக்காவின் விசில்

ஞானேஸ்வரி அக்கா தன் கணவரின் பெயரை வாயால் சொல்வதில்லை. எங்கள் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களில் பாதிப்பேர் அப்படித்தான், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அக்கா எதையும் ஏனோதானோவென்று செய்கிற ஆளில்லை. கணவரின் பெயர் மயில்வாகனம் என்பதால் அக்காவின் பேச்சில் மயிலும் கிடையாது, வாகனமும் கிடையாது. வயலில் நெல்லைக் கொத்த வரும் மயில்களை, "உந்தத் தோகைக்காரர் வந்திட்டினம்" என்று சொல்லித்தான் கலைப்பார். ரோட்டில் வருவது லொறியோ, வானோ, பெரிய அதிகாரியின் காரோ, எல்லாம் அக்காவுக்கு வண்டில்தான். கோயிலில் கணவருக்கு அர்ச்சனை செய்யப் போனால் நட்சத்திரத்தைச் சத்தமாகச் சொல்லுவார், பெயருக்கு முருகன் ஏறியிருக்கும் மயிலைக் கையால் காட்டுவார். புதிதாக வந்த ஐயர் ஒருவருக்கு அது விளங்கவில்லை. அந்த முறை அர்ச்சனை முழுக்க மயிலுக்கே போய்ச் சேர்ந்தது.

நான் ஜெயரூபி, அக்காவின் வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சிலர் சொல்லுவார்கள். அவர்கள் யார் யார் என்பதும் எனக்குத் தெரியும். வன்னியில், மல்லாவியிலிருந்து உள்ளே வந்தால், வவுனிக்குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற குடியேற்றம் எங்களுடையது. அக்காவின் தகப்பனும் என் தகப்பனும் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர்கள். மயில்வாகனம் அண்ணை கலியாணம் செய்து இங்கே வந்தார். நாளொன்றுக்கு நாலு வசனம் பேசினால் அவருக்கு அது பெரிய பேச்சு. மீதியை அக்கா பேசிவிடுவார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இருந்திருந்தால் மற்றப் பெண்களைப் போல அக்காவும் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அதோடு ஒரு 'அப்பா'வைச் சேர்த்துக் கணவரைக் கூப்பிட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போனதால் அக்காவிடம் மிஞ்சியிருந்தது, 'இங்கே பாருங்கள்' என்கிற ஒரே ஒரு 'இஞ்சாருங்கோ'தான்.

வீட்டுக்குள் இருக்கும்வரை அதனால் எந்த வில்லங்கமும் வரவில்லை. வில்லங்கம் வோக்கி-டோக்கி வடிவத்தில் வந்தது.

எங்கள் வயல்களுக்கு ஆனை வரும். ஆண்கள் பின்னேரமானால் வயற்கரைக் கொட்டில்களில் காவலுக்குப் போய்விடுவார்கள். அங்கே போனுக்குச் சிக்னல் இல்லை. வாய்க்கால் கட்டின் மேல் ஏறி நின்று கையை வானத்துக்குத் தூக்கினால் ஒரு கோடு காட்டும், ஆனை அதுவரை பொறுத்திருக்காது. இதைப் பார்த்துவிட்டு ஏதோ உதவித் திட்டக்காரர்கள் எங்கள் கமக்கார அமைப்புக்கு, அதாவது விவசாயிகள் சங்கத்துக்கு, சில வோக்கிகளை அனுமதிப் பத்திரத்தோடு கொடுத்தார்கள். கொட்டிலுக்கு ஒன்று, காட்டோரம் இருக்கும் வீடுகளுக்கு ஒன்று. ஆனை காட்டைவிட்டு வெளிக்கிடுவது முதலில் எங்கள் வீட்டுப் பெண்களின் கண்ணில்தான் படும்.

செட் வந்த முதல் நாளே அக்கா பொத்தானை அமத்தி, "இஞ்சாருங்கோ" என்றார்.

"ஓம்," என்றார் மயில்வாகனம் அண்ணை. "ஓம்," என்றான் பக்கத்துக் கொட்டில் வினோதன். "ஓம், சொல்லுமப்பா," என்றது இன்னொரு குரல். அது என் வீட்டுக்காரர். அவ்வளவு தேன் ஒழுகும் குரலில் அவர் என்னோடு பேசி எத்தனை வருசமென்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் வடிவாக, விட்டுவைக்காமல் விசாரித்தேன். எல்லார் வீட்டிலும் பெண்டாட்டி கூப்பிடுவது அப்படித்தானே, நான் என்னத்தைக் கண்டேன் என்று சொல்லிச் சமாளித்தார்.

அதற்குப் பிறகு தினமும் இதே கூத்துத்தான். யார் வீட்டிலிருந்து 'இஞ்சாருங்கோ' போனாலும் எல்லாக் கொட்டிலிலிருந்தும் 'ஓம்' வரும். மீனம்மாவுக்கு மட்டும் இந்தப் பிரச்சினை இல்லை. அவர்கள் மலைநாட்டிலிருந்து வந்த குடும்பம். மீனம்மா "ஏங்க" என்று கூப்பிடுவாள், அதற்கு அவளுடைய ராசு மட்டும்தான் திரும்பிப் பார்ப்பார். எங்கள் ஆண்களுக்கு அது தங்களைக் கூப்பிடுவதாகவே படாது.

அமைப்பின் செயலாளர் கிருசாந்தன் நல்ல பிள்ளை. அவன் கொட்டில்களுக்கு இலக்கம் போட்டு, இனி இலக்கத்தைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று கூட்டத்தில் சொன்னான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அக்கா எழும்பி நின்றார்.

"தம்பி, சண்டை முடிஞ்சு அடைச்சு வைச்ச முகாமில எங்களை நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டவை. சோத்துக்கும் நம்பர், தண்ணிக்கும் நம்பர். என்ர மனுசனை நான் நம்பர் சொல்லிக் கூப்பிட மாட்டன்."

கிருசாந்தன் இலக்கம் எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான், இலக்கப் பேச்சு அதோடு முடிந்தது.

மாரி மழைக்கு விதைத்த காலபோக நெல் கதிர் முற்றுகிற நேரம். பொழுதுபடும்போது ஒரு தனியன் ஆனை காட்டைவிட்டு இறங்கி நேரே மயில்வாகனம் அண்ணையின் கொட்டிலை நோக்கிப் போவதை அக்கா கண்டார். செட்டை எடுத்து, "இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ, ஆனை!" என்று கத்தினார். எல்லா ஆண்களும் ஒரே நேரத்தில் பொத்தானை அமத்தினார்கள். வோக்கியில் இரண்டு பேர் சேர்ந்து கதைத்தாலே ஒன்றும் விளங்காது, அன்று எல்லாரும் சேர்ந்ததில் வெறும் கீச்சுச் சத்தம்தான் வந்தது. அண்ணைக்கு விசயம் விளங்கியபோது ஆனை கொட்டில் கம்பைப் பிடித்திருந்தது. அவர் வாய்க்காலுக்குள் குதித்துக் கையை முறித்துக்கொண்டார். கொட்டிலும் போய், அவருடைய செட்டும் ஆனையின் காலுக்குக் கீழ் போனது.

ஆஸ்பத்திரியில் அண்ணையின் கட்டிலுக்குப் பக்கத்தில் அக்கா அவருடைய கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு வந்து ஏசினேன்.

"பேரைச் சொல்லியிருந்தா இவ்வளவும் வந்திருக்காது. உங்களுக்கு என்னக்கா, பேரென்ன நெருப்பே வாயைச் சுட?"

"பேர் சொன்னா ஆயுள் குறையுமடி."

"சொல்லாமலே குறையப் பாத்துதே!"

அக்கா அழத் தொடங்கிவிட்டார். "எத்தினை ஷெல்லுக்குள்ளால இந்த மனுசனைக் கொண்டுவந்து சேர்த்தனான். பக்கத்தில நிண்டவை செத்தவை, இவர் தப்பினவர். நான் பேர் சொல்லாமல் இருந்ததாலதான் தப்பினவரெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன். அது பொய்யெண்டாலும் எனக்கு அதை விட ஏலாது, ஜெயரூபி."

அதற்குப் பிறகு பெயரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அண்ணை கை சுகமாகி மறுபடியும் காவலுக்குப் போகத்தான் போகிறார், ஆனையும் வரத்தான் போகிறது. அவரை மட்டும் கூப்பிட ஒரு வழி வேண்டும், அதுவும் அவர் பெயரைச் சொல்லாமல். அக்காவுக்கு வேறு யோசனையே இல்லாமல் போயிற்று.

முதலில் அண்ணைக்கு ஒரு செட் வேண்டுமே. அமைப்பின் அலுமாரியில் கழித்துவிட்ட இரண்டு செட்டுகள் கிடந்தன. திட்டக்காரர் கொடுத்தவற்றில் அவை மட்டும் வேறு கொம்பனி. ஒன்று ஊமை. யார் என்ன கதைத்தாலும் அதிலிருந்து சத்தம் வராது. மற்றது பொத்தானை அமத்தும்போதெல்லாம் 'பீ பூ பீ பீ பூ' என்று ஐந்து விசில் அடித்துவிட்டுத்தான் கதைக்க விடும். கிருசாந்தன் இரண்டையும் பழுதென்று ஒதுக்கியிருந்தான். அக்கா இரண்டையும் கேட்டார். "ரெண்டையும் உடைச்சுச் சேர்த்தா ஒண்டாவது தேறும்," என்பது அக்காவின் கணக்கு. கிருசாந்தனும் எடுத்துக்கொண்டு போங்கோ என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தான். எங்கள் ஊர்ப் பஸ்ஸில் வோக்கியோடு போகிறவர்களிடம், ஆமி மறித்துக் கேட்டால் காட்ட, ஒரு கடிதம் இருப்பது நல்லது.

கிளிநொச்சியில் நிரஞ்சன் என்று ஒருவர் போன், ரேடியோ எல்லாம் திருத்துகிறவர். அக்காவும் நானும் போனோம். அவர் ஊமையைத் திறந்து, ஊதி, மூடி, மறுபடி திறந்து பார்த்தார். "அம்மா, உள்ளுக்கு எல்லாம் நல்லாத்தான் கிடக்கு. ஏன் கதைக்குதில்லையெண்டு எனக்கும் தெரியேல்லை. இதைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள்ள வையுங்கோ," என்று மேசையில் வைத்துவிட்டார்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப இதையாவது பாருங்கோ," என்று மற்றதை எடுத்துப் பொத்தானை ஓங்கி அமத்தினார்.

பீ பூ பீ பீ பூ.

"சும்மா சும்மா விசிலடிக்குது," என்றார் அக்கா பொத்தானை விடாமல். மேசையில் கிடந்த ஊமை விழித்துக்கொண்டது. சிவப்பு வெளிச்சம் போட்டு, ரிங் ரிங் என்று அடித்து, "சும்மா சும்மா விசிலடிக்குது" என்று அக்காவின் குரலிலேயே அக்காவுக்குத் திருப்பிச் சொன்னது. நிரஞ்சன் இருந்த கதிரையோடு பின்னுக்குப் போனார். நான் சத்தியமாகப் பேயென்றுதான் நினைத்தேன்.

அவருக்கு விளங்கியதும் சிரி சிரியென்று சிரித்தார். இரண்டும் சோடி. ஒன்று கூப்பிடுவது, மற்றது கேட்பது. அந்த ஐந்து விசிலும் அந்த வரிசையில் வந்தால்தான் ஊமை வாய் திறக்கும். ஊரே சேர்ந்து கத்தினாலும் அது அசையாது. கதைத்து முடித்துக் கொஞ்ச நேரத்தில் தானே வாயை மூடிக்கொள்ளும். "பழுதில்லை அம்மா. தன்னைக் கூப்பிடுற வரைக்கும் பாத்துக்கொண்டிருந்திருக்கு, வேறொண்டுமில்லை," என்றார்.

அக்கா அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். "இவர் மாதிரியே இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

நான் கெட்டிக்காரத்தனமாக நிரஞ்சனிடம், அந்த விசில் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். ஒவ்வொரு விசிலும் ஒரு இலக்கமாம். ஐந்தும் சேர்ந்தால் அந்தச் செட்டின் நம்பராம். நல்ல வேளையாக அக்கா அப்போது கடை வாசலில் யாரோ தெரிந்தவரோடு கதைத்துக்கொண்டிருந்தார். நான் நிரஞ்சனுக்கு வாயில் விரல் வைத்துக் காட்டினேன். இன்றுவரை அக்காவுக்கு அது வெறும் விசில்தான்.

திரும்பி வரும்போது பஸ் மாங்குளம் தாண்டியதும் சீட்டிலிருந்தவர்கள் நெருக்கியதில் பைக்குள் பொத்தான் அமந்துவிட்டது. பஸ்ஸுக்குள் விசில், அதற்குப் பதில் சொல்வதுபோல் மணி. ட்ரைவர் யாரோ இறங்கப் போகிறார்களென்று பிரேக் போட்டார். கொண்டக்டர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து, "ஆர் விசிலடிச்சது?" என்றார். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "உந்த வயசில ஆருக்கு நாங்கள் விசிலடிக்கப் போறம் தம்பி," என்றார். அந்த மனுசன் வெட்கப்பட்டுப் போய் முன்னால் நின்றுகொண்டார்.

அடுத்த விதைப்பான சிறுபோகத்துக்கு அண்ணை காவலுக்குப் போகத் தொடங்கினார், கையில் ஊமைச் செட்டோடு. அக்கா விசிலடித்தால் அது ஒருவருக்கு மட்டும்தான். மற்ற ஆண்களுக்கு விசிலும் கேட்கும், கதையும் கேட்கும், ஆனால் யாரும் 'ஓம்' சொல்வதில்லை. அந்த ஐந்து சத்தம் கேட்டால் அது மயில்வாகனத்துக்கு என்று எல்லாருக்கும் பழகிவிட்டது. அக்காவின் நிம்மதியைப் பார்க்க எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது, கொஞ்ச நாளைக்கு.

ஏனென்றால் இதில் இன்னொரு பக்கமும் இருந்தது. அண்ணையின் செட் அக்காவின் விசிலுக்கு மட்டும்தான் வாய் திறக்கும். அவரிடம் எதையாவது சொல்ல வேண்டியவர்கள் அக்காவிடம் சொல்ல வேண்டும், அக்கா விரும்பினால் விசிலடித்துச் சொல்லுவார். ஒரு கிழமைக்குள் அக்கா பெரிய அதிகாரி மாதிரிக் கந்தோர் நடத்தத் தொடங்கிவிட்டார்.

"ஞானேஸ்வரியக்கா, அண்ணையை ஒருக்கா இஞ்சால வரச் சொல்லுங்கோ. நல்ல கள்ளு வந்திருக்கு," என்பான் வினோதன்.

"அவருக்கு வயித்துக்குச் சரியில்லை."

"அக்கா, காட்ஸ் விளையாட ஒரு கை குறையுது."

"அவருக்குக் கை முறிஞ்சது தெரியாதே உங்களுக்கு?"

இந்தப் பக்கம் இப்படி எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, அந்தப் பக்கம் விசில் மேல் விசில். கத்தரிக்காய் விலை இறங்கினது, தங்கச்சி போன் எடுத்தது, குசினிக்குள் சாரைப்பாம்பு வந்துபோனது, இடுப்பில் கட்டுகிற சாரத்தை எங்கே வைத்தீர்கள் என்று கேட்பது. பின்னேரம் தொடங்கினால் படுக்கும்வரை எங்கள் செட்டுகளில் அந்தப் பாட்டுத்தான். அண்ணை ஒவ்வொன்றுக்கும் "ம்" என்பார். இந்தத் தொல்லை கரைச்சலாக இல்லையா என்று ஒரு நாள் என் வீட்டுக்காரர் அண்ணையிடம் இரக்கப்பட்டுக் கேட்டிருக்கிறார். "எனக்கு ஒரு கரைச்சலுமில்லை. உங்கட சத்தம் ஒண்டும் கேக்கிறேல்லை," என்றாராம் அண்ணை.

அந்தப் பின்னேரமும் அக்கா நிறையக் கதைத்திருந்தார். பொழுது சாயும் நேரம், நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். வேலிப் படலையை உதைத்துத் திறந்துகொண்டு அக்கா ஓடிவந்தார், கையில் விசில் செட். அதை அமத்தி அமத்திப் பார்த்தார். மூச்சே இல்லை. பற்றரி முழுவதையும் கத்தரிக்காய்க்கும் சாரைப்பாம்புக்கும் செலவழித்துவிட்டிருந்தார்.

"ஆனை! இவற்ரை கொட்டிலுக்குப் பின்னால!" என்று கத்திக்கொண்டே என் குசினிக்குள் போய், தட்டிலிருந்த என் செட்டை எடுத்தார். 'இவர்' என்றால் அக்காவுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். என் செட்டில் விசில் இல்லை. அதில் என்ன கத்தினாலும் அண்ணைக்குக் கேட்கப்போவதில்லை என்பது அக்காவுக்கும் தெரியும். மற்ற ஆண்களை ஓட வைப்பதுதான் ஒரே வழி.

"இஞ்சாருங்கோ! ஆனை!"

"எங்க?" என்றார் என் வீட்டுக்காரர். நான்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். மூச்சு வாங்குகிற குரல் செட்டில் யாருடையதென்று தெரியாது.

"இவற்ரை கொட்டிலுக்குப் பின்னால!"

"எவற்ரை?"

"இவற்ரை!"

"இவரெண்டா ஆரப்பா?" என்றான் வினோதன்.

நான் சவர்க்காரக் கையோடு ஓடிவந்து செட்டைப் பறிக்கக் கையை நீட்டினேன். அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"மயில்வாகனம்! என்ர மயில்வாகனத்தின்ர கொட்டில்! ஓடுங்கோ, என்ர மயில்வாகனத்தை ஆனை கொல்லப்போகுது!"

ஆனையை நானே ஒரு கணம் மறந்துபோனேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். பிறகு எல்லாக் கொட்டிலிலிருந்தும் கூக்குரல் கிளம்பியது. ஆனை வெடிகள் வெடித்தன, ராசு உழவு மெசினை ஸ்டார்ட் பண்ணி லைற்றைப் போட்டுக்கொண்டு வரம்புகளுக்கு மேலாலேயே விட்டார். வாய்க்கால் கட்டின் மேல் ஏறி நின்று பார்த்தோம். ஆனை ஒரு முறை நின்று காதை விசிறிவிட்டு, காட்டுப் பக்கம் திரும்பிப் போனது.

மயில்வாகனம் அண்ணை கொட்டிலுக்குள் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தாராம். வெடிச்சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், அயல் முழுக்க அவரைச் சுற்றி மூச்சிரைக்க நிற்கிறது. எல்லாரும் அவரையே ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

"ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டார்.

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள். அக்கா எதை எதற்காகக் காத்து வந்தார் என்று அவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர்தான் வாய் திறந்தார். "ஜெயரூபி. அவள்தான் உங்கட பேரைச் சொல்லிக் கத்தினவள்," என்றாராம். எனக்குத் தெரிய அந்த மனுசன் சொன்ன பொய்களில் உருப்படியானது அது ஒன்றுதான். மற்றவர்கள், ஓம் ஓம், ஜெயரூபிதான் என்று தலையாட்டியிருக்கிறார்கள்.

அடுத்த நாள் காலை மயில்வாகனம் அண்ணை ஒரு சீப்பு இதரை வாழைப்பழத்தோடு என் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, நீ கத்தினது எனக்குக் கேக்கேல்லை. ஆனா கேட்டவை எல்லாரும் சொல்லுகினம், நீ கத்தின கத்தில கால் நிண்ட இடத்தில நிக்கேல்லையாம்."

அவருடைய நாலு வசனமும் அதோடு முடிந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா முற்றம் கூட்டிய தும்புத்தடியும் கையுமாக அசையாமல் நின்றார். நான் வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு, "ஓம் அண்ணை, நான்தான்," என்றேன். என் வாழ்க்கையில் பேசாமல் அடக்கி வைத்த விசயங்களில் அதுதான் பெரியது, இன்னும் தொண்டைக்குள் நிற்கிறது.

பிறகு கிருசாந்தன் என் செட்டைக் கிளிநொச்சிக்கு அனுப்பி, அதே விசிலை அதிலும் போட்டு எடுத்தான். ஆனை வந்தால் மட்டும்தான் அமத்த வேண்டும் என்று அக்கா எனக்குக் கட்டளை போட்டிருக்கிறார். ஒரு நாள் அமத்திப் பார்த்ததற்கு இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஆனால் அந்த வாழைப்பழம் வந்த அன்று பின்னேரம், அண்ணை காவலுக்கு வெளிக்கிட்டுப் போனபிறகு, அக்கா வேலியடிக்கு வந்தார். கொஞ்ச நேரம் பூவரசம் இலையைக் கிள்ளிக்கொண்டு நின்றார்.

"அவற்ரை காதில விழேல்லைத்தானே. அப்ப குத்தமில்லை, என்ன?"

"ஒரு குத்தமுமில்லை அக்கா. அவர் நூறு வயசுக்கு இருப்பார்."

அக்கா தலையாட்டினார். போகவில்லை. அந்த முகத்தில் அப்படியொரு வெட்கத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

"ஜெயரூபி, நான் கத்தின நேரம் எனக்கே ஒண்டும் கேக்கேல்லையடி. நீ பக்கத்தில நிண்டனி." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவற்ரை பேர் என்ர வாயில எப்பிடி இருந்தது?"